இரண்டு ரேம், மூன்று பீப்

லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவரின் கிரீஸ் வாசனை என்னைத் திருவொற்றியூர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போது கல்லூரியில் முதல் வருடம். நைனாவின் போனஸில் உதிரிகள் வாங்கி, என் முதல் கம்ப்யூட்டரை நானே சேர்த்துப் பூட்டினேன். ஓரத்தில் பல் பல்லாயிருந்த இரண்டு ரேம் மெமரி அட்டைகளும் விரலில் வழுக்கின. புதுசு அப்படித்தான் போலும் என்று அழுத்திச் செருகினேன். திரை கறுப்பாகவே கிடந்தது. மூன்று பீப் மட்டும் வந்தது. கழற்றி, இடம் மாற்றிப் போட்டாலும் அதே பீப். கடையில் சோதித்தபோது ஓடிய உதிரிகள் இங்கே ஏன் ஓடவில்லை? ஒன்றும் புரியாமல் அழுகை வந்தது.

துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்கான நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, கத்திகினே கீது?"

"தெர்ல நைனா."

"கடல் காத்துக்குத் துரு புடிக்குமேன்னு, காலைலயே அந்தப் பல்லுக்கெல்லாம் கிரீஸ் தடவி வெச்சேனே!"

கையில் கிரீஸ் டப்பாவோடு குழம்பி நின்றார்.

"பத்தலயா?"