பவளத்தின் பஃபர்

பர்கூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பியானோ மென்பொருள் ஏற்றிய லேப்டாப் வெடித்து, மாப்பிள்ளையின் பட்டுச்சட்டை கருகிப்போனதாம். பவளத்திடம் சொன்னவள் உடன் வேலை செய்யும் மாதம்மாள். அவள் பார்த்ததில்லை. கேன்டீனில் அவளுக்குச் சொன்னவனும் பார்த்ததில்லை. அவனுடைய மச்சான் அந்நேரம் பந்தியில் இருந்தானாம்.

"வெடிக்கிறப்போ கூடவா எந்திரிக்கல?" என்றாள் பவளம்.

"பாயசம் வந்துட்டிருந்துதாம்."

சிரித்தாள். ஆனாலும் அவளும் தன் லேப்டாப்பில் அதையேதான் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்று வயது பவளம் சாமல்பட்டிக்காரி. ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். சரக்கைத் தேங்கவிடாமல் வைத்திருப்பதற்காக இரண்டு முறை ஷீல்டு வாங்கியவள். மத்திகிரி வாடகை வீட்டில், ஷிப்ட் முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து வருஷமாகக் கீபோர்டு பழகுகிறாள். அவள் வாசித்துக் கேட்ட ஒரே ஆள், ஆட்டோ ஓட்டும் கணவர் கந்தன்தான்.

இப்போது, கந்தன் சொல்லி வைத்ததில் ஒரு மேடை வந்திருந்தது. அத்திப்பள்ளியில் கச்சேரிக் குழு வைத்திருக்கும் ஹரீஷ்குமார், ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி ரிசப்ஷனுக்கு அசல் பியானோ சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார். "சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போன்ல வாசிச்சுக் காட்டுங்க மேடம். சத்தம் விட்டு விட்டு வந்துதுன்னா ஆனேக்கல்ல வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்.

கீபோர்டின் சொந்தச் சத்தம் பொம்மைப் பியானோ மாதிரி இருக்கும். அதனால் அதை லேப்டாப்பில் சொருகி, ஒரு பியானோ மென்பொருளைப் போட்டாள். நிஜப் பியானோ ஒன்றின் ஒவ்வொரு கட்டையையும் மெல்லத் தட்டி, ஓங்கித் தட்டி, பத்து விதமாகப் பதிந்து வைத்த ஒலிகள். மொத்தம் முப்பது ஜிபி. லேப்டாப்போ ஏதோ ஆபீசில் கழித்துவிட்ட பழசு. முதல் சுரத்துக்கே திணறி நின்றது.

"நாலு ஜிபி ரேம்ல இதையா? ஜவளகிரி யானையை என் ஆட்டோல ஏத்தற மாதிரி இருக்குது" என்றார் கந்தன்.

பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விஜயகுமாரும் அதையேதான், யானை இல்லாமல், சொன்னான். பதினாறு ஜிபி ரேம் போட்டான். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுற்றாமலே வேகமாக எடுத்துத் தரும் எஸ்எஸ்டி மாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பவளம் கந்தனுக்கு வகுப்பு எடுத்தாள். "ரேம்தான் மாமா, எங்க கம்பெனில வேலை ஓடற லைன் பக்கத்து ரேக். எஸ்எஸ்டி நம்ம ஸ்டோர். ஒவ்வொரு சத்தத்தோட தலையும் ரேக்ல ரெடியா இருக்கும். கட்டையைத் தட்டினா அது உடனே போயிரும். அதுக்குள்ள மீதியை ஸ்டோர்ல இருந்து தள்ளிட்டு வரணும். பழைய டிஸ்க் நொண்டி டிராலி. வந்து சேரல."

"இப்ப வந்துருமில்ல? வாசி."

வாசித்தாள். ஒற்றை விரலுக்குத் தேன். இரண்டு கையும் இறங்கி, காலில் பெடலையும் மிதித்ததும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் படபடவென்று பொரிந்தது. சனிக்கிழமை, மணி மூன்றரை.

விஜயகுமாருக்குப் போன் போட்டாள்.

"பியானோ செட்டிங்ல பஃபர் எவ்ளோக்கா வெச்சிருக்கீங்க?"

"முப்பத்திரெண்டு." குரலில் பெருமை. "அதுக்கும் கீழ எறங்க மாட்டேங்குது."

"யாருக்கா அப்படி வெக்கச் சொன்னது?"

"யார் சொல்லணும்? பஃபர்னு சரக்கைத் தேக்கி வெச்சாலே எனக்கு ஆவாது. இருபது வருஷமா அதைக் கொறைக்கிறதுதானே என் வேலை!"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அக்கா, இது ஸ்டோர் இல்ல. சத்தத்தைச் சேர்த்து அனுப்ப அதுக்குக் கொஞ்சம் மூச்சு விடற நேரம் வேணும். அதைத்தான் நீங்க கட் பண்ணிட்டீங்க."

வாங்கிய இரண்டு ஷீல்டும் அலமாரியிலிருந்து அவளையே பார்த்தன. கடுப்பில், இருப்பதிலேயே பெரிய எண்ணான இரண்டாயிரத்து நாற்பத்தெட்டை வைத்தாள். கடுகு நின்றது. ஆனால் விரல் பட்டு, சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வந்தது.

"நீ ஓசூர்ல தட்டறே, அது கிருஷ்ணகிரி டோல்கேட்ல நின்னு வருது" என்றார் கந்தன்.

"சும்மா இருங்க மாமா!"

அதட்டிவிட்டு மணியைப் பார்த்தாள். நாலேகால். தன் ஸ்டோரை நினைத்துப் பார்த்தாள். போல்ட்டுக்கு என்ன செய்வாள்? டிராலி வந்து சேர எவ்வளவு நேரமோ, அதுவரை லைன் ஓடுகிற அளவு மட்டும் ரேக்கில் வைப்பாள். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அறுபத்து நான்கு வைத்தாள்: கடுகு. நூற்றிருபத்தெட்டு: பெடலில் மட்டும் இரண்டொரு கடுகு. இருநூற்று ஐம்பத்தாறு.

இரண்டு கையும் இறங்கின, பெடலும் இறங்கியது. ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை. விரலும் சத்தமும் ஒன்றாகவே போயின. கந்தன் வழக்கமான கிண்டலுக்கு வாயைத் திறந்தவர், திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்கு ஹரீஷ்குமாருக்குப் போன் அடித்தாள். கன்னடத்தில் பதிந்து வைத்த ஒரு பெண் குரல், எடுக்கவில்லை என்று பணிவாகச் சொன்னது. நாலு ஐம்பதுக்கும் அதே குரல்.

"ஆனேக்கல் ஆளுக்குச் சொல்லிட்டிருப்பாரோ?"

"வண்டி ஓட்டிட்டிருப்பாரு. இன்னும் அஞ்சு ஆவல இல்ல? குடு இங்க."

கந்தன் மறுபடி அடித்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். மணி நாலு ஐம்பத்தேழு.

"ரிங் போவுது. நீ ஆரம்பி. எடுக்கறப்போ பாட்டு நடுவுல இருந்தாலும் கேட்டுக்கட்டும்."

பவளம் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் கட்டையைத் தொட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.