மரியதாசன் மாமாவின் கத்தரித் தோட்டம்

பஸ் தரிப்பிடத்தில் வாங்கு இருந்தாலும் மரியதாசன் மாமா அதில் உட்காரமாட்டார். பக்கத்துப் புல்லில் குந்தி, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு மேலே நீட்டிவைத்துக்கொண்டு வீதியையே பார்த்திருப்பார். மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவுக்குள் பஸ் வருவதே அபூர்வம். காரில் போகிறவர்கள், கிழவர் மயங்கி விழப்போகிறார் என்று நினைத்து நிறுத்துவார்கள். ஒருமுறை யாரோ அம்புலன்ஸையே அழைத்துவிட்டார்கள். வந்தவர்கள் கையைப் பிடித்து நாடி பார்க்க, மாமா உரப்பைக்குள்ளிருந்து ஆளுக்கொரு கத்தரிக்காய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். "பாவம் கா, எனக்கெண்டு ஓடி வந்த பொடியன்மார். வெறுங்கையோட எப்பிடி அனுப்புற?" என்று அன்று மாலை தன் அக்கா மகள் றஜனியிடம் கேட்டார்.

ஊரில், மட்டக்களப்பு ஆயித்தியமலையில், நெல் விதைத்தவர். தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போன றஜனியின் அப்பா திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அக்கா அருளம்மாவையும் சிறுமி றஜனியையும் அவர்தான் பார்த்தார். ஓடச் சொன்னால் ஓடினார், சண்டை ஓய்ந்தால் திரும்பி வந்து அதே வரம்பில் மண்வெட்டியைப் போட்டார். கலியாணப் பேச்சு எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "மறுகா பாப்பம்." பிறகு என்பதற்கு மட்டக்களப்பார் சொல்வது மறுகா. அந்த மறுகா வரவே இல்லை.

மொன்றியலில் இருந்த கிரிக்கு றஜனியைப் பேசி முடித்து, கலியாணத்துக்கென்று அக்காவோடு வந்தார். வந்த கையோடு ஊர்ப்பக்கம் மறுபடி சண்டை மூண்டது. இருவருமே ரொக்ஸ்பரோவில் றஜனி வீட்டோடு தங்கிப்போனார்கள். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மாமாவுக்குப் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. முழங்கால் மறுக்கும்வரை போனார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவரை வைத்திருப்பது பெரும்பாடாகிவிட்டது. பொழுது விடிந்தால் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். அப்படித்தான் ஒருநாள் இல்-பிசாரில், புல் மண்டிக் கிடந்த ஒரு காணியைக் கண்டு இறங்கி, அதன் ஓரத்தில் குந்திவிட்டார். வீட்டுக்காரி கிளோதெத் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். கணவனை இழந்து தனியே இருந்தவள். மாமாவிடம் பொன்ஜூரும் மெர்சியும்தான் இருந்தன. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். "லா தேர்?" என்று அவள் கேட்டாள். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "மண்ணுக்குத் தேர் எண்டு சொல்றாங்க கா! நம்மட கோயில்ல இழுக்கிற தேர்!"

அடுத்த கோடையிலேயே அந்தக் காணியில் கத்தரியும் பயற்றங்காயும் பச்சை மிளகாயும் நின்றன. ஆடி வெயிலிலும் மாமாவின் தலையில் கம்பளித் தொப்பி இருக்கும். உடம்பில் கிரி கழித்துப்போட்ட ஹொக்கிச் சட்டை. கையுறை வாங்கிக் கொடுத்தால் அது அப்படியே பொத்தல் விழாமல் அலுமாரியில் கிடக்கும். காய் கொண்ட பையோடு, ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகும் கோடைப் படகில் ஏறுவார். அங்குள்ள கடைக்காரர்களுக்குக் கொடுத்ததைவிட, படகில் வந்தவர்களுக்குக் கொடுத்தது கூட. உறைபனிக்கு அவர் வைத்த பெயர் வெள்ளைக்காரன். "மாசக் கடைசியில வெள்ளைக்காரன் வந்திருவான், அதுக்குள்ள ஆஞ்சு முடிக்கோணும்" என்று கிளோதெத்துக்கு முன்னாலேயே சொல்வார். விஷயம் விளங்காமல் அவளும் தலையாட்டுவாள்.

போன கோடையில் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு வரிசை ஆய்ந்து முடிக்குமுன் இரண்டு தரம் நின்றார். றஜனி பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். இதயத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் தமிழில் சொல்ல, மாமா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே எழுந்தார்.

"காய் முடியட்டும். மறுகா பாப்பம்."

"மாமா, இது விளையாட்டில்ல."

"நான் விளையாடுறன் எண்டு ஆர் சொன்ன?"

செப்டெம்பர் கடைசி வாரம், வியாழக்கிழமை. தான் வேலைசெய்யும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது றஜனிக்குக் கிளோதெத்தின் அழைப்பு வந்தது. "உன் மாமா உட்கார்ந்துதான் இருக்கிறார். நான் கூப்பிட்டால் பார்க்கிறார் இல்லை." அவள் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தண்ணீர்த் தாங்கியின் அருகில் கிடத்தியிருந்தார்கள். செய்ய இனி எதுவும் இல்லை என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. உனக்கு இவர் யார் என்று ஒருவன் கேட்டான். "மோன் ஒங்கிள்" என்றாள். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான். அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்ற மனிதருக்கு, அவனிடம் சொல்ல அவளுக்கு வேறு சொல் வரவில்லை.

அடக்கம் செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. அருளம்மா அழவில்லை. சோபாவில் சாய்ந்து சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. ஞாயிறு காலை, அன்றிரவு உறைபனி இறங்கும் என்று வானொலியில் சொன்னார்கள். றஜனி பழைய சாக்குகளைத் தேடி எடுத்தாள்.

"எங்க போறாய்?"

"தோட்டத்துக்கு அம்மா. இண்டைக்கு விட்டா எல்லாம் கருகிப்போயிரும்."

அருளம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அவன் இன்னும் மண்ணுக்குள்ள போகல்ல. அதுக்குள்ள நீ அவன்ட காயப் பிடுங்கப் போறியா? கிடந்து அழுகட்டும். நட்டவனே போயிற்றான், இனி ஆருக்கு?"

"மாமா இருந்தா இண்டைக்கு வீட்டில நிண்டிருப்பாரா?"

"அவன் இல்லயே!" அருளம்மா கத்தினாள். "இல்லயே புள்ள!"

இந்த வருஷம் அந்தக் காணியை யாரும் கொத்தவில்லை. கிரிக்குத் துறைமுகத்தில் லொறி ஓட்டம், றஜனிக்குக் காப்பகம். பழையபடி புல் மண்டிக் கிடக்கிறது. றஜனி அந்தப் பக்கம் போவதில்லை. மாமாவின் நினைவு வந்தால் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணுக்குள் நிற்கும்.

அன்று அவளும் கிரியும் தோட்டத்துக்குப் போனபோது கிளோதெத் அங்கே நின்றாள். செத்துப்போன கணவனின் முழங்கால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த கட்டில் விரிப்புகளையெல்லாம் கொண்டுவந்து கத்தரிச் செடிகளை மூடிக்கொண்டிருந்தாள். பூப்போட்ட விரிப்பு, கோடு போட்டது, வெள்ளை. பாதித் தோட்டத்துக்குக்கூட அவை காணாது. "அவர் ஒன்றையும் வீணாக்கமாட்டாரே" என்று பிரெஞ்சில் சொல்லி மூக்கைத் துடைத்தாள். மூவரும் ஆய்ந்தார்கள். மிளகாயை முதலில், பிறகு பயற்றங்காய். ஆற்றுப்பக்கமிருந்து வந்த காற்றில் விரல்கள் மடங்க மறுத்தன. கையுறையோடு காம்பு பிடிபடவில்லை. றஜனி கழற்றி எறிந்தாள். ஒரு செடியடியில் மாமாவின் செருப்புத் தடம் காய்ந்து இறுகிக் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப்போனாள். கிரி அதைக் கண்டு, தானும் சுற்றிப்போனான். பொழுது சாய்ந்தபோது நாலைந்து வரிசை ஆயாமலே நின்றது. மூட விரிப்பும் இல்லை. விட்டுவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாக்குகளைக் குசினிக்குள் இறக்கினார்கள். றஜனி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தில் கடதாசியை விரித்து மிளகாயைக் கொட்டி, பழுத்ததையும் காயையும் பிரிக்கத் தொடங்கினாள். விரல்கள் சொல்வழி கேட்கவில்லை. எடுத்தது எடுத்தது நழுவி விழுந்தது. சோபா கிறீச்சிட்டது. அருளம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து எதிரே இருந்தாள். ஒரு மிளகாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த வரிசையில நிண்ட?"

"தண்ணித் தாங்கிப் பக்கம், அம்மா."

அருளம்மா அந்த மிளகாயைக் கீழே வைத்தாள். அவளுடைய உதடு கோணிக்கொண்டு போனது. நாலு நாளாக வராத அழுகை, சத்தமில்லாமல், உடம்பைக் குலுக்கிக்கொண்டு வந்தது. அழுதபடியே எட்டி, மகளின் விறைத்த கைகள் இரண்டையும் பிடித்து இழுத்து, தன் சேலைக்குள், வயிற்றோடு வைத்து இறுக்கிக்கொண்டாள்.