அக்காவின் அறுபத்தெட்டு கிலோ

என் அக்காவின் கணவரை, அதாவது எங்கள் மாமாவை, ஊதினால் பறந்துவிடுவார் என்றுதான் வீட்டில் சொல்வோம். ஐம்பத்திரண்டு வயது, ஐம்பத்தைந்து கிலோ. கைக்கடிகாரம் பழுது பார்ப்பது தொழில். ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். அப்படிப்பட்டவர் ஜிம்மில் சேர்ந்தாரென்றால் அதற்குக் காரணம் நான். என் வாய் சும்மா இருக்காது.

ஒரு விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் மாமாதான் தூக்குவார். ஒருநாள் குளியலறை வாசலில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். மாடியில் குடியிருக்கும் நான் வரும்வரை அரை மணி நேரம் தரையிலேயே கிடந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ கோபம் தலைக்கேறியது. பேசாமல் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம், இந்த அறுபத்தெட்டு கிலோவை உங்களால் தூக்க முடியாது என்று அவளை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். மாமா ஆறு மாதம் அவகாசம் கேட்டார். அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

ஜிம்மில் இளவட்டங்கள் ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை என்று பிரித்துக்கொண்டு, கை ஓயும்வரை தூக்குவார்கள். மாமாவும் அதையே செய்தார். மறுநாள் கடையில் விரல் நடுங்கி, கடுகைவிடச் சிறிய திருகாணி ஒன்று இடுக்கியிலிருந்து எகிறிப்போனது. அந்த நேரம் கடைக்குப் போயிருந்த நானும் அவருமாக, காந்தத்தை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினோம். சோறு போடுகிற கை கெட்டுப்போனால் அப்புறம் என்ன செய்வீர்கள் என்று நான் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன்.

மாமா ஜிம் மாஸ்டரிடம் போய், கனமாகச் சில தடவையா, லேசாகப் பல தடவையா, எதில்தான் சதை போடும் என்று கேட்டிருக்கிறார்.

"தசைக்கு நம்பர் தெரியாது அண்ணே," என்றாராம் மாஸ்டர். "ரெண்டுலயும் வளரும். கடைசி ரெண்டு மூணு தடவை தம் கட்டித் தூக்குற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். வயிறாரச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க."

கடிகாரக்காரர் அல்லவா, உட்கார்ந்து திட்டம் போட்டார். வேலை நாள் இரண்டில் காலுக்கும் முதுகுக்கும் லேசான எடை, பல தடவை. கடை விடுமுறைக்கு முந்தின மாலை மட்டும், தரையில் கிடக்கும் கம்பியில் கனமான எடையை மாட்டி நிமிர்ந்து தூக்குவது. மறுநாள் விரல் எவ்வளவு நடுங்கினாலும் கேட்பாரில்லை.

அக்காவும் ஒத்தாசையாகத்தான் இருந்தாள். தன் தட்டில் இருப்பதில் பாதியை அள்ளி அவர் தட்டில் வைப்பாள். உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு முட்டை எதற்கு, உடம்பு ஏற்றுகிறவர் நீங்கள்தானே என்பாள். மாமா வேண்டாமென்றால் விடமாட்டாள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் மாமா அவளை ஒரே மூச்சில் தூக்கினார். நான் கை தட்டினேன். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"ஜிம்ல அறுபதுக்கே எனக்கு முழங்கால் ஆடுது மச்சான். இவ எப்படி இவ்வளவு லேசா வர்றா?"

எடை மெஷினைக் கொண்டுவந்து போட்டோம். மாமா மட்டும் ஏறினார், அறுபத்தொன்று. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவருக்குக் கீழே தெரியாததால் நான் குனிந்து பார்த்தேன். நூற்றுப் பதினேழு. கழித்துப் பார்த்தால் அக்கா ஐம்பத்தாறு கிலோதான்.

அக்கா மாமாவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லத்துக்குப் போகப் பயமா இருந்துச்சு," என்றாள். "லேசா இருந்தா நீங்க விட்டுற மாட்டீங்கள்ல."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை இறக்கவேயில்லை.

"நான் பழகுனது அறுபத்தெட்டைத் தூக்க," என்றார். "அதுல ஒரு கிலோவைக்கூட நீ குறைக்கக் கூடாது."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சமையலறைக்குப் போய் முட்டை இரண்டை அவித்து உரித்துக்கொண்டுவந்து அக்காவின் தட்டில் வைத்தேன்.

"நீ எங்கேயும் போக வேண்டாம்க்கா. நான் சொன்னது தப்பு."

அக்கா ஒன்றைக் கடித்து மென்று விழுங்கிவிட்டு, உப்பு எங்கேடா என்று கேட்டாள்.