இரண்டு அச்சில் ஒரு பத்து ரூபாய்

கண்ணாடி மேசைமேல் அந்தப் பெண் கொட்டிய பத்து ரூபாய் நாணயங்களில் ஒன்று உருண்டு வந்து என் பில் புத்தகத்தில் இடித்து நின்றது. அதில் ரூபாய்க் குறி இருந்தது. பக்கத்தில் கிடந்ததில் இல்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்து மருந்துக்கடையில் அப்போது எனக்குப் பில் போடும் வேலை. பத்து ரூபாய்க் காசில் போலி கலந்துவிட்டது, குறி போட்ட புது அச்சுதான் நிஜம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. பழைய அச்சுதான் நிஜம் என்று செல்போனில் இன்னொன்று. கடைக்காரர்கள் எதற்கு வம்பு என்று இரண்டையுமே வாங்காமல் விட்டார்கள். எங்கள் ஓனரும் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

அவள் ரேணிகுண்டாவில் ரயிலேறி வேர்க்கடலை விற்பவள். கடைப் படியில் அவளுடைய அப்பா கைகளை முட்டியில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது.

"காயின் எடுக்கறதில்லம்மா. நோட்டு இருந்தா குடு," என்றேன்.

"நோட்டு இல்லண்ணா. ரயில்ல எல்லாரும் இதத்தான் குடுக்கறாங்க. நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கினு கீது, பாருங்க."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். குறி உள்ளதையும் இல்லாததையும் விரலால் பிரித்துத் தள்ளி, "ரெண்டும் ஒரே மாதிரியா கீது? இதுல ஒண்ணு டூப்ளிகேட்தான்," என்றேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போலீசுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். இன்னொருவர், உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க அவளுடைய பையைப் பிடித்து இழுத்தார். அவள் பையை விடவில்லை, அழவும் இல்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

உள்ளே மருந்து அடுக்கிக்கொண்டிருந்த பார்மசிஸ்ட் அக்கா அப்போதுதான் வெளியே வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பழைய மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு, இன்ஹேலரைப் பிரித்துக் குலுக்கிக்கொண்டே போய்ப் பெரியவர் முன்னால் உட்கார்ந்தார்.

"மெதுவா இழுங்க. அப்படியே வச்சிக்கோங்க. இன்னொரு வாட்டி."

பையைப் பிடித்திருந்த ஆள் கையை எடுத்துக்கொண்டார். மூச்சு கொஞ்சம் சீரானதும் அக்கா ஆட்டோவை நிறுத்தி இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். திரும்பி வந்து, மேசையில் கிடந்த காசை வழித்துக் கல்லாவில் போட்டார்.

மாதக் கடைசியில் ஓனர், யாரும் வாங்காமல் தங்கிப்போன பத்து ரூபாய்க் காசுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி அக்காவின் சம்பளத்தில் நோட்டுக்குப் பதிலாகக் கொடுத்தார். "நல்ல காசுன்னு நீதான வாங்கின? எடுத்துக்கோ." அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போனார். மறுநாள் வந்ததும் பணம் கட்டிய ரசீதை என் பில் புத்தகத்தின்மேல் வைத்தார். பேங்கில் இரண்டு அச்சையும் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பெரியவர் நாலு நாள்ல வீட்டுக்குப் போயிட்டாராம்," என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதமே அக்கா சந்திரகிரியில் வேறு கடைக்குப் போய்விட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்.

இப்போது திருப்பதியில் எனக்கே ஒரு சின்ன மருந்துக்கடை இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். போன வாரம் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், காய்ச்சல் மாத்திரைக்குப் பன்னிரண்டு பக்கம் வைத்த இருபது ரூபாய் நாணயத்தை நீட்டினாள். எனக்கு அது இன்னும் பழகவில்லை. வாங்கி ஒரு தரம் புரட்டிப் பார்த்தேன்.

"செல்லாதாண்ணா?" என்று கேட்டு, மாத்திரை அட்டையை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"நல்ல காசுதாம்மா," என்றேன். அவள் கேட்ட பிறகுதான் சொன்னேன்.