பெரிய துரைக்கு ஹில்டா எழுதிக் கொடுத்த மூன்று பக்கங்கள்

ஹில்டாவின் முன்னால் நடந்து போகிறவர்கள் எதையும் மறைத்துவிட முடியாது. எந்தக் காலை ஊன்றுகிறார்கள், எந்தக் காலை இழுக்கிறார்கள், எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது, எல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மலைக்குப் போகும் தாய்மார் விட்டுப் போகிற கைக்குழந்தைகளைச் சாயந்தரம் வரை வைத்திருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைகளோடு பதினாறு வருஷம் கிடந்ததில், எங்கே நோகிறது என்று கேட்காமலே கண்டுபிடிக்கிற பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் நடக்கவில்லை. அதற்காக அவள் பட்ட கவலையைவிட லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் பட்ட கவலைதான் அதிகம். தங்கை ஜொய்சியோடும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரே காம்பராவில் இருந்தாள். ஜொய்சியின் புருஷன் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். காம்பரா ஜொய்சியின் பேரில் இருந்தது. தோட்டப் பதிவில் ஜொய்சியின் பேர் இருக்கும்வரை அந்தக் கூரை அவர்களுக்கு. பேரை வெட்டினால் கூரையும் போய்விடும். பிள்ளைக்காம்பரா வேலை தோட்டப் பதிவில் சேராதது என்பதால் ஹில்டாவுக்கென்று தனியாக ஒரு மூலைகூடக் கிடையாது.

இப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்து வந்தது கூடைப்பந்து? இரத்தினபுரியில் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தங்கிப் படித்த நாலு வருஷத்தில் வந்தது. பிறகு பாதர் அந்தனி கோயில் பணத்தில் இரண்டு இரும்புத் தூண்களை வாங்கி, பெரட்டுக்களத்தின் இரண்டு பக்கமும் நட்டுக் கொடுத்தார். பெரட்டுக்களம் என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற சிமெண்டு முற்றம். காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் சாயந்தரம் பந்து தட்டினார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களும் றப்பர் பால் வெட்டுகிற பெண்களும் சேர்ந்த அந்த அணி போன வருஷம் தோட்டப் பெண்களுக்கான போட்டியில் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கிண்ணம் ஒபிசில் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் துரையிடம் கேட்க வேண்டும்.

அணியைப் பார்த்துக்கொண்டவள் ஹில்டா. யாரை எப்போது இறக்குவது, எப்போது உட்கார வைப்பது என்பதற்காக ஒரு கொப்பி வைத்திருந்தாள். அதில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு பத்தி: பலம், பலவீனம். யாருக்கும் அவள் அதைக் காட்டியதில்லை.

இந்திராணியைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: விடியுமுன்னே றப்பர் மரத்துக்கு மரம் ஓடிப் பழகிய கால்கள். பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போவாள். கடைசிப் பத்து நிமிஷத்தில் மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளும்போதுகூட இவள் களைக்க மாட்டாள். பலவீனம்: முடியாது என்று சொல்லத் தெரியாது. கால் பிசகினாலும் வெளியே வர மாட்டாள், நாம்தான் இழுக்க வேண்டும்.

லோஜினி தூரத்திலிருந்து எறிகிறவள். கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் விழும். ஆனால் விடாமல் பத்து நிமிஷம் ஓடினால் உதடு கறுத்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பகல் சோறு செரிக்கவில்லை என்பாள். பகலில் அவள் சோறு தின்னவில்லை என்பது ஹில்டாவுக்குத் தெரியும்.

ஜொய்சி உயரம். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்து ஜொய்சியைத் தாண்டி யாருக்கும் போனதில்லை. கிண்ணம் வந்ததே அவள் பிடித்த பந்துகளால்தான். அவளுடைய பலவீனம் மட்டும் கொப்பியில் இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தி ஒன்பதாம் நம்பர் மலையில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் இடது முழங்கால் உள்ளே கிழிந்திருந்தது. தினமும் காலையில் பழைய சேலைக் கிழிசலால் அதை இறுக்கிக் கட்டிவிடுவது ஹில்டாதான். "யார்கிட்டயும் வாயத் தொறக்காத அக்கா," என்று ஜொய்சி ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தை நடத்தப் புதிய பெரிய துரை வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சத்தம் போடாத மனுஷன். பழைய துரையைப் போல நாய் வளர்க்கவில்லை, குடிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. அவர் வந்த இரண்டாம் வாரம் வானத்தில் ஒரு சின்ன யந்திரம் வண்டுபோல இரைந்துகொண்டு மலை மலையாகப் படம் எடுத்தது. மூன்றாம் மாதம் லயத்து வாசல் நிலைகளில் யாரோ சிவப்புச் சாயத்தில் இலக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். சில வாசல்களுக்கு மட்டும் இலக்கம் இல்லை. ஏனென்று கேட்டால் கணக்கப்பிள்ளைக்கே தெரியவில்லை. வெயில் நாளிலும் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது ஹில்டாவுக்கு என்னவோ போலிருந்தது. சாயந்தரங்களில் துரை வந்து களத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தார். கை தட்டினார். அணி முழுவதுக்கும் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். சப்பாத்தைக் கண்டதும் ஹில்டா உட்பட எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

கேகாலை அணியோடு இந்த வருஷ இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. துரை அவளை ஒபிசுக்குக் கூப்பிட்டார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுவார்; தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அவருக்கு நங்கி, தங்கச்சி.

"ஹில்டா நங்கி, ஒரு ரிப்போர்ட் வேணும். ஒவ்வொரு ஆளுக்கும் பலம் என்ன, பலவீனம் என்ன. ஒக்கொம எழுது. ஒண்ணும் விட வேணாம்."

"மெச்சுக்குங்களா ஐயா, கேகாலை ஆட்டத்துக்கு?"

துரை சிரித்தார். "பலவீனத்த முதல்ல எழுது."

வெளியே வந்தபோது கிளாக்கர் எட்வின் கதவருகே நின்றான். ஒரே கோயில் ஆள், சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். ஃபைலைப் புரட்டுகிற பாவனையில் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"எழுதுறத கொஞ்சம் பாத்து எழுதுங்க ஹில்டா."

"ஏன், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல. பாத்து எழுதுங்க."

கிண்ணம் வந்ததிலிருந்து ஒபிசுக்காரர்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான் என்று ஹில்டா நினைத்துக்கொண்டாள். இந்த இடத்தில்தான் அவள் புத்தி அவளைக் கைவிட்டது. ஆனால் அந்த மண்ணில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோவை மறைத்தால் நட்டம், துரையிடம் சொன்னால் இலாபம். இடுப்பு வலி, கை வலி என்று மருந்துக் காம்பராவில் சொல்லி ஒரு சீட்டு வாங்கி வந்தால், மலைக்குப் போகாமல் நாற்றுமேடையில் பை நிரப்பலாம், ஒபிஸ் வாசலைக் கூட்டலாம். லேசு வேலை. அன்றைக்கும் முழுப் பேர் விழும், முழு நாள் சம்பளம். போன வருஷப் போட்டிக்கு முன்னால் பழைய துரை அணிக்கு ஒரு வாரம் லேசு வேலை கொடுத்திருந்தார். நோவு எவ்வளவு பெரியதாக எழுதப்படுகிறதோ அவ்வளவு லேசான வேலை கிடைக்கும் என்றுதான் ஹில்டாவுக்குத் தெரியும். மூன்று வாரம் மலை ஏறாமல் இருந்தால் ஜொய்சியின் முழங்கால் கொஞ்சம் ஆறும். லோஜினியை ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப்போகலாம்.

அதனால் ஒன்றும் விடாமல் எழுதினாள், கொஞ்சம் கூட்டியும் எழுதினாள். லோஜினியின் நெஞ்சுக்கு அரைப் பக்கம் ஆனது. ஜொய்சியின் பேரை எழுதிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தாள். தங்கை கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. பிறகு, அவள் நல்லதுக்குத்தானே என்று எழுதினாள்: இடது முழங்கால் முழுசாகப் பழுது. இறக்கத்தில் பாரம் தூக்கவே கூடாது. மூன்று பக்கம் ஆயிற்று. எழுத்து அழகாக இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

எட்டாம் நாள் காலைப் பெரட்டுக்குப் பெரிய துரையே வந்தார். கைக்குழந்தைகளை வாங்குவதற்காக ஹில்டாவும் களத்து ஓரத்தில் நின்றாள். நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இரவு பெய்த மழைத்தண்ணீர் பந்து வளையத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை ராஜதுரை ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இனிமேல் நாள் சம்பளம் கிடையாது, மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்படும், அதைப் பராமரித்துக் கொழுந்து கொடுக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் துண்டு இருக்காது. துண்டு கிடைக்காதவர்களின் பேர் மாதக் கடைசியோடு பதிவிலிருந்து எடுக்கப்படும். எல்லோருக்கும் தெரிந்த ஆட்களை வைத்து முதலில் தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டுத் தாளைப் படித்தார்.

"இந்திராணி. ஒம்பதாம் நம்பர் மலை. கடைசிவரைக்கும் களைக்க மாட்டா. முடியாதுன்னு சொல்ல மாட்டா."

ஒன்பதாம் நம்பர் மலை போன மழையில் வெடித்துப்போய், சரிகிற நிலையில் நின்றது. வெடிப்புக்குள் ஆள் கை போகும். அதற்குப் பிறகு யாரும் அங்கே கால் வைத்ததில்லை. இந்திராணி வாயைத் திறந்தாள், மூடினாள், சரியென்று தலையை ஆட்டினாள். ஹில்டா எழுதியது அப்படியே நடந்தது.

"லோஜினி. துண்டு இல்ல. நெஞ்சு பலவீனம்."

ஹில்டாவின் கையிலிருந்த குழந்தை அழத் தொடங்கியது. அவள் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஜொய்சி. துண்டு இல்ல. இடது முழங்கால் முழுசா பழுது. எறக்கத்துல பாரம் தூக்க ஏலாது."

ஆறு வருஷம் மறைத்து வைத்தது நூற்று நாற்பது பேர் காதில் விழுந்தது. கணக்கப்பிள்ளைக்கு அப்படி எழுதத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் ஒருத்தராகத் திரும்பி ஹில்டாவைப் பார்த்தார்கள். ஜொய்சி மட்டும் திரும்பவில்லை.

பிள்ளைகளை உதவிக்கு இருந்த ஆயாவிடம் விட்டுவிட்டு ஹில்டா ஒபிசுக்கு ஓடினாள். அவளுடைய மூன்று பக்கங்களும் துரையின் மேசையில் இருந்தன. பலவீனம் எழுதியிருந்த வரிகளுக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு.

"ஐயா, நான் மெச்சுக்குதான் எழுதினேன். லேசு வேல குடுப்பீங்கன்னு எழுதினேன். அதுல பாதி நான் கூட்டி எழுதினதுங்க."

துரைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதிய கொப்பியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். முதல் பக்கத்திலிருந்து நூற்று நாற்பது பேரின் பேரும் வரிசையாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இரண்டு பத்திக்கு இடம்.

"நீ நல்லா பாக்கிற நங்கி. டாக்டர் கூட இப்பிடி பாக்க மாட்டார். இதையும் எழுதிக் குடு. ஜொய்சிட பேர் இருக்கும். காம்பராவும் இருக்கும்."

அன்று பகல் பிள்ளைக்காம்பராவில் அவள் அந்தப் புதுக் கொப்பியைத் திறக்கவில்லை. கொப்பி அலமாரிக்கு மேலே இருந்தது. பால் கொடுக்க வந்து போகும் தாய்மார்களைப் பார்க்கக் கூடாது என்று குனிந்தே இருந்தாள். ஆனாலும் கால்கள் தெரிந்தன. ஒருத்தியின் பாதம் வீங்கியிருந்தது. ஒருத்தி குதிகாலை ஊன்றாமல் நடந்தாள். கேஷானி வாசலில் நின்று இருமிய இருமல் சளி இருமல் அல்ல. சீ, இது என்ன கண் என்று தன்னையே வைதாள். கொப்பி நிரம்புவதற்கு ஒரு சாயந்தரம் போதும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் முன்னால் ஜொய்சியின் காம்பராவும் தெரிந்தது, இரண்டு பெண்பிள்ளைகளும் தெரிந்தார்கள்.

நாலு மணிக்கு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒபிசுக்குப் போனாள். வெறுமையாகவே திருப்பி வைத்தாள்.

"என்னால ஏலாதுங்க ஐயா."

துரை கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். "ஹரி, சரி," என்றார். "அப்ப லிஸ்ட் இப்பிடியே போகும். இது எழுத வேற ஆள் கிடைக்கும்." எட்வின் தட்டச்சு யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரட்டுக்களத்தில் பந்துச் சத்தம் கேட்டது. இறுதிப் போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். நடந்ததை ஜொய்சியிடம் சொல்லிவிட வேண்டும், தப்பு என்னுடையதுதான், ஆனால் மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் கையில் கொப்பி இல்லை. அலமாரிக்கு மேலே கொப்பியைக் கண்டவர்கள் அதைப் பார்த்தாவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவளைக் கண்டதும் பந்துச் சத்தம் நின்றது. மதிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். பகலில் பாதம் வீங்கியிருந்தவள் இரண்டு காலையும் சமமாக ஊன்றினாள். கேஷானி வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருமலை விழுங்கினாள். லோஜினி நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். துரையின் முன்னால் நிற்பதைப்போல அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.

"ஜொய்சி, நான் சொல்றத கொஞ்சம் கேளு," என்றாள் ஹில்டா.

ஜொய்சி குனிந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். காலையில் ஹில்டா கட்டிவிட்ட சேலைத் துணியை அவிழ்த்து அக்காவின் காலடியில் போட்டாள். முழங்கால் பலாப்பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. இந்திராணியிடமிருந்து பந்தை வாங்கி வளையத்தில் எறிந்தாள். பந்து பட்டுத் திரும்பியது. அவள் குதித்துப் பிடித்தாள், இடது காலிலேயே இறங்கினாள். முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் எறிந்தாள், குதித்தாள், இடது காலில் இறங்கினாள்.

"இப்ப எழுதிக்க அக்கா," என்றாள்.