நுனு நிறுத்தச் சொன்ன இடங்கள்

தன் பெண்டாட்டி தன் வண்டியில் மலையிறங்கப் போகிறாள் என்ற சேதி இமேதாவுக்கு மலையூர் ஓமலோவின் கடையில்தான் கிடைத்தது. கடைக்காரன் குராமுக்கு அதை அவன் மைத்துனி சொன்னாளாம். மைத்துனிக்கு யார் சொன்னார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்ன அண்ணே, அண்ணி உங்க வண்டியில ஏறப் போறாங்களாமே? புது பிரேக் போட்டீங்களா, இல்ல சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்சு வச்சீங்களா?"

இமேதா உப்பை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வெளியே வந்தான். நம்பவில்லை.

துஷேத்தி மலையிலிருந்து கீழே ககேத்திச் சமவெளியின் திராட்சைத் தோட்டங்களுக்கு இறங்க இருப்பது ஒரே சாலை. பாறையைக் குடைந்து, ஒரு வண்டி போனால் எதிர்வண்டி பின்னுக்குப் போகவேண்டிய அகலத்தில், அபானோ கணவாயின் மேல் ஏறி மறுபக்கம் விழும். கோடையில் திறக்கும், பனி விழுந்தால் மூடிக்கொள்ளும். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இமேதா அதில் டெலிகா வேன் ஓட்டுகிறான். எந்தெந்த நாட்டுக்காரர்களோ அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏறாதவள் நுனு ஒருத்திதான். அவளுடைய அண்ணன் எல்தார் லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது இந்தச் சாலையில். அதன்பிறகு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆட்டு மந்தைக்குப் பின்னால், சாலையைவிட்டு விலகிப் போகும் ஒற்றையடிப் பாதையில், நடந்தேதான் அவள் மலையிறங்குவாள். மேலே சாலையில் இமேதா ஹாரன் அடித்துக்கொண்டு போவான். அவள் கோலை மட்டும் தூக்கிக் காட்டுவாள், தலையைத் தூக்க மாட்டாள். இமேதாவைவிடக் கிடாயை நம்புகிறவள் என்று ஊரில் கேலி.

அன்று சாயங்காலம், பாலாடைக்கட்டியை ஆட்டுத்தோல் பைக்குள் திணித்து வாயைக் கட்டிக்கொண்டே நுனு சொன்னாள்:

"கேத்தோ வீட்டுல திராட்சை அறுப்பு ஆரம்பிச்சுட்டாங்களாம். ஆட்டோட நடந்தா நான் போய்ச் சேர்றப்ப கொடியில இலைதான் இருக்கும். முழங்காலும் ஒத்துழைக்கல. உன் வண்டியிலயே போவோம்."

இமேதாவுக்குக் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. வண்டியைவிட அவனை அதிர வைத்தது, போகிற இடம்.

கேத்தோ அவர்களுடைய மகள். கணவாய்க்கு அந்தப் பக்கம், திராட்சை வீட்டில் வாக்கப்பட்டவள். போன வருஷக் கோடையில் சம்பந்தி கேலா பெரிய குடுவை நிறைய ஒயினோடு முதல்முறையாக மலையேறி வந்தார். வழியில் தீ மூட்டிச் சுட்டுத் தின்ற பன்றிக்கறியில் மிச்சம், மறந்துபோய் வண்டியின் பின்பெட்டியிலேயே இருந்தது. துஷேத்திக்குள் பன்றிக்கறி வரக் கூடாது, இந்த மலைச்சாமிகளுக்கு ஆகாது. அது கேலாவுக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் ஞாபகம் வந்து, மனுஷன் முகம் வெளுத்து, தானாகவே சொல்லிவிட்டார். புதைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து மேல் மேய்ச்சலிலிருந்து ஆள் வந்தது: மின்னல் விழுந்து ஆடுகள் செத்துக் கிடக்கின்றன என்று. நுனு எழுந்து நின்று, உன் கறிதான் என் ஆட்டைக் கொன்றது என்றாள். கேலா தொட்ட ரொட்டியை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். கேத்தோ அதற்கப்புறம் போன் செய்யவில்லை. அந்த வருஷ அறுப்புக்கு இவர்களும் போகவில்லை.

ககேத்தியில் அறுப்புக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. உறவென்றால் கத்தரிக்கோலோடு தானாக வந்து நிற்க வேண்டும். ஒரு வருஷம் வராவிட்டால் கோபம் என்பார்கள். அடுத்த வருஷமும் வராவிட்டால் உறவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்டான் இமேதா.

மேய்ப்பன் தோர்க்வா போன வாரம் மோர் குடிக்க வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னானாம். மின்னல் விழுந்தது கேலா வந்த அன்று இல்லை, முந்தின சாயங்காலமே விழுந்துவிட்டது. சேதி இறங்கி வரத்தான் ஒரு பகல் ஆயிற்று.

"அந்தாளு வண்டி அப்ப கணவாயே ஏறல" என்றாள் நுனு. "தப்பாப் பேசின வாய் என்னது. நான்தான் போய்ச் சொல்லணும்."

இமேதா ரொட்டியைப் பிய்த்தான். மேசையில் கிண்ணத்தை ஓமலோவாக வைத்து, கத்தியைக் கணவாயாகச் சாய்த்து, ரொட்டித்துணுக்குகளை வளைவுகளாக அடுக்கினான். மதியத்துக்குமேல் மேகம் ஏறிவிடும், விடிந்ததும் கிளம்ப வேண்டும், ஓடை குறுக்கே பாயும் இடத்தில் கண்ணை மூடிக்கொள், நான் எங்கேயும் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனான். நுனு ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நான் சொல்ற இடத்துல எல்லாம் நிறுத்துறதா இருந்தா வர்றேன். இல்லேன்னா நீயே போய்ட்டு வா."

விடிந்ததும் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. எல்தாரின் முகம் பொறித்த கல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கி, கல்லின்மேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டு, ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்தாள். அங்கிருந்து மேலே கையைக் காட்டினாள்.

"அந்தச் சரிவு தெரியுதா? அதுலதான் நாங்க ஆட்டை ஏத்துவோம். நடுவுல வெள்ளையா ஒரு கோடு ஓடுதே, அது பனியில்ல, தண்ணி. சத்தம் கேக்குதா பாரு."

இமேதா இன்ஜினை அணைத்தான். கேட்டது. இத்தனை வருஷமாக இன்ஜின் சத்தத்துக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவனுக்கு இந்த மலை என்றால் முன் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கொஞ்சம் மண். சறுக்கும் வளைவு, கல் உருளும் வளைவு, எதிர்வண்டிக்கு ஒதுங்கும் வளைவு, அவ்வளவுதான். தலையைத் திருப்பினால் உயிர் போகும் வேலை. அவள் நிறுத்தச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் அவன் முதல்முறையாகத் தலையைத் திருப்பினான். பாறை மடிப்புக்குள் மடிப்பாக மலை போய்க்கொண்டே இருந்தது. தங்கள் நிழலைத் தாங்களே மிதித்துக்கொண்டு கழுகுகள் அவன் காலுக்குக் கீழே சுற்றின. காலுக்குக் கீழே கழுகு பறக்கிற இடத்தில்தான் தினமும் வண்டி ஓட்டியிருக்கிறான். சாலை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். பயமாக இல்லை.

"உனக்கு இதெல்லாம் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் நுனு.

"வளைவுதான் தெரியும்."

கணவாய் உச்சியில் காற்று கதவைப் பிடுங்கியது. பின்னால் துஷேத்தி, ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போகும் முகடுகள். முன்னால் மேகம் வெள்ளைத் தரையாகக் கிடந்தது. அது மெல்லக் கிழிய, கிழிசலின் அடியில், நம்ப முடியாத ஆழத்தில், அலஸானி ஆற்றுச் சமவெளி தெரிந்தது. பச்சையும் துருச்சிவப்புமாகச் சீவிவிட்டதுபோல் திராட்சை வரிசைகள். அங்கங்கே புகை. இமேதா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்ததை அவனே கவனிக்கவில்லை.

"அதுல எது கேலா வீட்டுப் புகை?" என்று கடைசியில் நுனு கேட்டாள்.

"இங்கேருந்து எப்படித் தெரியும்?"

"சொல்லாம போய் நின்னு, அவர் கதவைச் சாத்திட்டா?"

"சாத்த மாட்டார். அறுப்பு வீட்டுல கதவே இருக்காது."

"எனக்கு இருக்கும்" என்றாள். கையை நீட்டினாள். "போனைக் குடு."

கணவாயின் இந்த விளிம்பில்தான் ககேத்தியின் சிக்னல் ஏறிவரும். இமேதா மகளின் எண்ணை அழுத்திக் கொடுத்தான். நுனு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். உதடு அசைந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் மேகம் சரிவில் ஏறத் தொடங்கியிருந்தது. கிளம்ப வேண்டிய நேரம். அவன் சாவியைத் தொடவில்லை.

"எடுக்கலியா?"

"மணி போகுது" என்றாள் நுனு. "தோட்டத்துல இருப்பாங்க. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். துடைச்சிட்டுத்தானே எடுக்கணும்."

அவள் போனைக் கொஞ்சம் காதிலிருந்து விலக்கி அவன் பக்கம் சாய்த்தாள். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கேட்டார்கள். அத்தனை பெரிய மலைக்கு நடுவில் அந்தச் சின்ன மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.