ரைலியின் பாதிகள்

வடக்கே பனி தேசத்து ஊலு நகரத்தின் ஆய்வுக்கூடத்தில் ரைலியும் நானும் ஒரே எலி அறையில் வேலை பார்த்தோம். அதற்கு முன் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் தவ்னோ மூளையில் இரத்தம் கசிந்து, சவுனா என்னும் நீராவிக் குளியலறைப் பலகையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். இரத்தக் குழாய்ச் சுவரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மரபணு அவனுக்குப் பழுது என்று பிறகுதான் தெரிந்தது. அதே மரபணுவை எங்கள் எலிகளில் ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நச்சரித்து இந்த அறையிலேயே வேலை வாங்கினாள். பிடிவாதக்காரி.

எலிக்குஞ்சின் காதில் சிறு துளை போட்டு, அந்தத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்புவோம். தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று மரபணு இரண்டாக வரும். இரண்டும் பழுதானால் குஞ்சு பிறக்கவே பிறக்காது. தாயின் வயிற்றைத் திறந்தால் இரத்தக் குழாய் உருவாகாத கரு வெளிறிக் கிடக்கும், பார்க்கச் சகிக்காது. ஒன்று மட்டும் பழுதானவை ஜம்மென்று தின்று கொழுக்கும். அவற்றை நாங்கள் 'பாதி' என்போம். ரைலிக்கு அந்தப் பாதிகள்மேல் கொள்ளை ஆசை.

ஏனென்றால் அவள் ஒரே மகள் ஹெல்வியும் பாதிதான். தகப்பனிடமிருந்து வந்தது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெல்விக்கு அந்த ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவே நடுக்கம். ஒருநாள் அம்மாவைக் கூட்டிப்போக வந்தவள், அறை வாசலில் நின்று கேட்டாள்.

"போய்த்தான் ஆகணுமாம்மா?"

"என் பாதிகளைப் பாருடி. ஒண்ணாவது தலைவலின்னு படுத்திருக்கா? உன்னவிட நல்லாத் திங்குது."

"நான் எலியாம்மா?"

"எலின்னா சொன்ன பேச்சக் கேட்டிருப்பே" என்றாள் ரைலி. மூவரும் சிரித்தோம். ஹெல்வியின் முகம் தெளிந்துவிட்டது. அவள் ஸ்கேனுக்குப் போகவில்லை.

மார்ச் மாதம் பனிச்சறுக்குப் பாதையில் விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் சறுக்கி விழுந்தாள் என்றே நினைத்தார்கள். மூளையில் ராஸ்பெரிப் பழக் கொத்து போல இரத்தக் குழாய்கள் புடைத்து, அதில் பெரியது வெடித்திருக்கிறது. ஸ்கேனில் முன்பே தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் வாய்க்குள்ளேயே வைத்திருக்கலாம், பாவி மனுஷன். இரண்டு நாள் மூச்சு மட்டும் ஓடி, அடங்கிப்போனது.

அடக்கத்துக்கு முன்பே ரைலி வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருக்க முடியவில்லையாம். அன்று வியாழக்கிழமை, வளர்ந்து, சோதனைக்கு இனி வேண்டாத எலிகளை வாயுப் பெட்டியில் போட்டுக் கொல்லும் நாள். அதை எப்போதும் அவள்தான் செய்வாள். பெட்டியை மூடியவள் கையை எடுக்கவே இல்லை.

"ஏண்டி நிக்கிற? குடு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"இதுங்க நோயில்லாம இருக்குன்னு சொன்னேனே. வயசாக விட்டாத்தானே நோய் வரும்? நான்தானே வாராவாரம் கொன்னேன்" என்றாள். "ஒண்ணோட தலையாவது தொறந்து பாத்தோமா?"

பார்த்ததில்லை. கருக்களைத்தான் வெட்டிப் பார்ப்பார்கள், கொன்ற பாதிகளை அப்படியே குப்பையில் போடுவோம்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபி கொடுத்தார்கள். மலர்வளைய நாடாக்களில் எழுதியிருந்த இரங்கல் வரிகளை ஒவ்வொருவராக வாசித்தார்கள், ரைலி காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ஹெல்வியின் புருஷன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மகள் சய்மிக்கு நாலு வயது, மேசைக்கடியில் யாரோ ஒருவருடைய ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சய்மிக்கும் அந்தப் பழுது இருக்கான்னு சோதிச்சுப் பாக்கச் சொல்றாங்க. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வேணுமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்க சொன்னா விட்டுடறேன்."

ரைலி காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை" என்றாள். "நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்க வந்து வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க."